தாய்மாமன் தந்த டிவி தரைக்கு வந்த வரலாறு

பெரும் பாசமும் அதைவிடப் பெரிய கோபமும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற என் தாய்மாமன் பென்னி அவர்களின் சமூகத்துக்கு, ராயபுரத்திலிருந்து அக்காள் மகள் ரூத் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் அம்மா, அப்பா, நான், தாங்கள் வாங்கித் தந்த ஐம்பத்தைந்து இஞ்ச் டிவி ஆகிய நால்வரும் மாதாவின் கிருபையால் நலம். அவ்விடம் தோஹாவின் வெயிலும் தங்கள் பிரஷரும் ஓரளவுக்காவது இறங்கியிருக்க வேண்டுகிறேன்.

வாட்ஸ்அப்பில் எங்கள் மூன்று பேரையும் பிளாக் செய்துவிட்டீர்கள். தபால்காரரை பிளாக் செய்யும் பொத்தானை இன்னும் எவனும் கண்டுபிடிக்கவில்லை என்பதால் இந்தக் கடிதம். டச் ஸ்கிரீன் காலத்தில் டச் விட்டுப்போன ஒரே மாமா நீங்கள்தான்.

தங்கள் குற்றச்சாட்டு எனக்குத் தெரியும். அன்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீடியோ காலில் வந்தீர்கள். எங்கள் புது வீட்டைச் சாமியார் வந்து மந்திரித்தபோது மாமன் சீராகத் தாங்கள் அனுப்பிய அதே டிவி, தரையில், வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் கட்டில். கட்டில்மேல் நாற்காலி. நாற்காலிமேல் என் அப்பா, டிவிக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாகத் தொங்கவிட்டு, இரண்டு கையிலும் பூரிக்கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என் சீரை அந்தாளு கால்ல போட்டு மிதிக்கிறாரா" என்று ஒரே ஒரு வரி சொன்னீர்கள். அதோடு கால் கட். நீங்கள் கண்டது உண்மைதான். ஆனால் பார்த்தது காலை, மாமா. பார்த்திருக்க வேண்டியது கழுத்தை.

அப்பாவின் வேலை தங்களுக்குத் தெரியும், இருந்தாலும் கோபத்தில் மறந்திருப்பீர்கள். ஹார்பருக்குள் கன்டெய்னர் யார்டில் கிரேன். தமிழில் எல்லாரும் வருகிறேன், போகிறேன், கஷ்டப்படுகிறேன் என்று வாயால் ஓட்டும் கிரேனை, எழுத்தை மட்டும் மாற்றி, அப்பா கையால் ஓட்டினார். ஆறு மாடி உயரம், உச்சியில் கண்ணாடித் தரை போட்ட கேபின். அதில் குந்திக்கொண்டு இரண்டு காலுக்கு நடுவே குனிந்து பார்த்தபடியே, கீழே லாரியில் வரும் பெட்டியைக் கவ்வித் தூக்கி அடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இதுதான் பிழைப்பு என்பதால் அவர் கழுத்து அப்படியே பழகிவிட்டது. ஷிப்ட் முடிந்து இறங்கினாலும் பார்வை மட்டும் கேபினிலேயே இருக்கும். தெருவில் எல்லாரையும் செருப்பை வைத்துத்தான் அடையாளம் காண்பார். போன ஈஸ்டருக்குப் பக்கத்து வீட்டு சிலுவையம்மாள் அத்தை புதுச் செருப்பு மாட்டிக்கொண்டு கேக் கொடுக்க வந்தபோது, "யாரும்மா நீ, ஊருக்குப் புச்சா" என்று கேட்டு, அத்தை கேக்கோடு திரும்பிப் போன கதை வேறு. நீங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உங்கள் மூஞ்சியைப் பார்த்துப் பேசமாட்டார் என்று ஒரு குறை சொல்வீர்களே, அது திமிர் இல்லை மாமா, கண்ணாடித் தரை.

இப்படி இருக்கையில் யார்டில் எல்லா கிரேனுக்கும் கண்ணும் மூளையும் பொருத்தினார்கள். கேபினில் ஆள் வேண்டாம். கம்ப்யூட்டரே பெட்டியைத் தேடும், எடுக்கும், அடுக்கும். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். முதல் நாள் நானும் சிலுவையம்மாள் அத்தையும் பார்த்தோம். அவ்வளவு பெரிய இரும்பு ராட்சசன், உச்சியில் ஒரு ஈ காக்கா கிடையாது, ஏதோ ஞாபகம் வந்தவனைப் போல நின்று, திரும்பி, நடந்துபோய், ஒரு பெட்டியை எடுத்து இன்னொன்றின்மேல் சத்தமில்லாமல் வைத்தது. தூங்குகிற குழந்தையைக் கட்டிலில் போடுவார்களே, அப்படி வைத்தது. எனக்கு வாய் மூடவில்லை. என் வாயே மூடவில்லை என்றால் அது எப்பேர்ப்பட்ட காட்சி என்று புரிந்துகொள்ளுங்கள்.

அத்தை சிலுவை போட்டுக்கொண்டார். "இன்னாடி இது, உள்ள ஆளயே காணோம், அது பாட்டுக்கு நடந்துகினு போவுது."

"எங்கப்பாதான் அத்தை. வூட்லேந்தே ஓட்றாரு. டிவி ரிமோட்ல."

சும்மாதான் சொன்னேன். அத்தை அன்று சாயங்காலமே வந்து அப்பாவிடம், "அருளு, மாடியில கருவாடு காயப்போட்டுக்கிறேன். உன் கிரேன் நெழலு வந்து வுழுது. கொஞ்சம் அந்தாண்ட தள்ளி வுடேன்" என்று கேட்டார். அப்பா அவர் செருப்பைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அப்போதுதான் வீட்டில் ஏதோ சரியில்லை என்று எனக்கு உறைத்தது.

விஷயம் என்னவென்றால், கிரேன் தானே ஓடினாலும் சந்தேகம் வந்தால் அது ஒரு மனிதரைக் கூப்பிடும். அதற்காக ஒரு ஏசி ரூம், வரிசையாகத் திரைகள், ஆளுக்கொரு நாற்காலி, இரண்டு கைப்பிடி. பழைய ஆபரேட்டர்கள் எல்லாரும் அந்த நாற்காலிக்குத் தேர்வு எழுத வேண்டும். தேறாதவர்கள் கிரேனை மறந்துவிட்டு கேட்டில் நின்று லாரி நம்பரைப் பார்க்க வேண்டியதுதான். அந்த நம்பரையும் இப்போது கேமராவே படித்துவிடுகிறதாம். ஆக, கேமரா பார்க்கிறதா என்று பார்க்கிற வேலை. "கிரேன்லேந்து எறங்கி கேமராக்குக் குடை புடிக்கணுமா" என்று அப்பா அம்மாவிடம் கேட்டதை நான் கேட்டேன். சிரிப்பு வரவில்லை.

முதல் தேர்வில் அப்பா தோற்றுவிட்டார். எதனால் தெரியுமா? ஆபரேட்டர் தூங்கிவிடக் கூடாது என்று அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க அங்கே தனியாக ஒரு குட்டி கேமரா. திரை நேர் எதிரே இருக்கிறது. பெட்டியை இறக்கும் நேரம் வந்தால் அப்பாவின் தலை தானாகக் காலுக்கு நடுவே போகிறது. அங்கே இருப்பது ஆபீஸ் டைல்ஸ். கேமரா பார்க்கிறது: தலை தொங்கிவிட்டது, கண் தெரியவில்லை, ஆள் தூக்கம். உடனே பீப், பீப், எல்லாம் லாக். அப்பாவுக்குப் பதற்றம், இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்று இன்னும் நன்றாகக் குனிகிறார். இன்னும் ஆழ்ந்த தூக்கம் என்று மெஷின் எழுதிக்கொள்கிறது. வாழ்க்கையில் ஒரு நாள் டூட்டியில் கண் அசராத மனுஷன், மாமா. அவருக்கு அந்த மெஷின் கொடுத்த ரிப்போர்ட், தேர்வு நேரம் முழுக்க நித்திரை.

அப்பாவோடு வேலை பார்க்கும் தௌசீஃப் அண்ணன் முதலிலேயே தேறிவிட்டவர். அவர்தான் வீட்டுக்கு வந்து விவரம் சொன்னார். "மூளைல ஒரு கோளாறும் இல்ல அண்ணி. கழுத்துதான் பேஜார் பண்ணுது. இன்னும் ஒரே ஒரு சான்ஸ் கீது."

இங்கேதான் தங்கள் டிவி வருகிறது. பழகின கழுத்தை ஒரேயடியாக நிமிர்த்த முடியாது, படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும் என்பது என் ஐடியா. முதலில் டிவி தரையில், அப்பா உயரத்தில், கேபின் மாதிரியே. அப்புறம் டிவி அரிசி மூட்டைமேல். அப்புறம் முக்காலி. அப்புறம் மீன் வைக்கிற ஐஸ் பெட்டி. கடைசியில் சுவர். என் போனில் ஒரு கிரேன் கேம் இறக்கி டிவியில் ஓடவிட்டேன். கைப்பிடிக்குப் பூரிக்கட்டை. கட்டை வெறும் பிடிமானத்துக்கு, பின்னால் நின்று போனில் ஓட்டியது நான், அது அப்பாவுக்குத் தெரியாது. ஆக நீங்கள் வீடியோவில் பார்த்தது முதல் பாடம். மாமன் சீரின்மேல் எங்கள் வீட்டுச் சோறு நின்றுகொண்டிருந்த பாடம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் கை சும்மா இருக்குமா? அப்பா குனிந்தால் எச்சரிக்க ஒரு குரல் வேண்டும் என்று தோன்றியது. எனக்குக் கோடிங் என்றால் தெருக்கோடிதான் தெரியும். ஆனால் போனில் இருக்கிற ஏஐயிடம், சட்டைப் பையில் போன் சாய்ந்தால் பேசுகிற மாதிரி ஒன்று செய்து கொடு என்று தமிழில் கேட்டேன். நான் டீ குடித்து முடிப்பதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டது. பிளஸ் ஒன் படிக்கும் என்னை அவ்வளவு மரியாதையாக யாரும் கேட்டதில்லை. அடுத்து, குரல். அப்பா இந்த உலகத்தில் ஒரு குரலுக்குத்தான் தலையைத் தூக்குவார். அம்மா மீன்காரரிடம் பேரம் பேசுவதைக் கொஞ்சம் ரெக்கார்ட் செய்து குரலை நகலெடுக்கும் இன்னொரு ஆப்பில் போட்டேன். நான் எழுதிக் கொடுப்பதை அது அந்தக் குரலிலேயே பேசும். அச்சு அசல் அம்மா மாமா, மூச்சு வாங்குவது உட்பட. கேட்டபோது முதுகு சிலிர்த்தது. நான்தான் எழுதினேன் என்று தெரிந்தும் அந்தக் குரல் "ரூத்து" என்றதும் "இன்னாம்மா" என்று எழுந்து நின்றுவிட்டேன்.

அதை அப்பாவின் போனிலும் ஏற்றி அவர் சட்டைப் பையில் போட்டேன். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு அம்மா. அடுப்படியில் ஒருவர், அப்பாவின் பையில் ஒருவர். அப்பா குனிந்தால், "இன்னாத்த தேட்றே கீழ, தலைய தூக்கு" என்று பை சொல்லும். அசல் அம்மா அடுப்படியிலிருந்து, "நான் ஒண்ணியும் சொல்லலியே" என்பார். சிலுவையம்மாள் அத்தை, "உனுக்கு ரெண்டு வாய் கீதுன்னு அப்பவே சொன்னேன்" என்பார். இதெல்லாம் வீட்டோடு இருந்தவரை நன்றாகத்தான் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் போனைப் பையிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன். கோயிலில் சாமியார் அப்பத்தை உயர்த்துகிறார், மணி அடிக்கிறது, ஊரே தலை குனிகிறது, அப்பாவும் பக்தியோடு குனிகிறார். அந்த அமைதியில் ஆண்கள் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல்: "இன்னாத்த தேட்றே கீழ, தலைய தூக்கு."

மொத்தக் கோயிலும் தலையைத் தூக்கியது. பெண்கள் பக்கத்தில் முட்டிபோட்டிருந்த அம்மா, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். தன் வாய் மூடியிருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டதாம். பூசை முடிந்ததும் நான் பெற்ற ஆசீர்வாதங்களை இங்கே விரிக்கவில்லை. ஆனால் ஒன்று: அதற்குப் பிறகு அப்பா குனியவே இல்லை. குனியப் போகும்போதே மொத்தக் கோயிலும் தன்னைத் திரும்பிப் பார்த்த ஞாபகம் வந்து கழுத்து நின்றுவிடுகிறதாம். டிவி முக்காலிமேல் ஏறியது, ஐஸ் பெட்டிமேல் ஏறியது, சுவரில் ஏறியது.

கடைசித் தேர்வு நாள் அம்மா காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. அங்கே நடந்ததை தௌசீஃப் அண்ணன் கண்ணால் கண்டு சொன்னபடியே எழுதுகிறேன். தேர்வு வைப்பவர் மதி மேடம். வியாசர்பாடிப் பொண்ணுதான். சிரித்தால் நம்மூர், மார்க் போட்டால் வெளியூர். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், பீப் இல்லை, எல்லாம் நன்றாகப் போகிறது. கடைசிப் பெட்டி. கிரேனே தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு அடுக்குக்கு நடுவே காலித் தரையில் இறக்க ஆரம்பித்து, பாதியில் அந்தரத்தில் நின்றுவிட்டது. திரையில் இங்கிலீஷில் ஒரு வரி. நம் பாஷையில் சொன்னால்: இது என்னவென்று எனக்குத் தெரியவில்லை, உதவி வேண்டும்.

அடுக்கின் நிழலில், தரையில், சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு திட்டு. தௌசீஃப் அண்ணன் பிளாஸ்டிக் கவர் என்று நினைத்தாராம். மதி மேடம் வாயைத் திறக்கவில்லை, ஆபரேட்டர்தான் முடிவு சொல்ல வேண்டும், அதுதான் தேர்வு. இறக்கு என்றால் இறங்கிவிடும். காரணமில்லாமல் நிறுத்தினால் மார்க் போய்விடும். அப்பா திரையை உற்றுப் பார்த்தார். அப்புறம் அந்த ஏசி ரூமே அதிர ஒரு சத்தம் போட்டு, இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்.

"பூன. அது பூன. நிறுத்து, நிறுத்து, பூனடா."

ஆறு மாடி உயரத்தில் புயல் காற்றிலும் அசராத அருள்பிரகாசம் உலகத்தில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பயப்படுவார் என்பது நம் குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ரகசியம். எத்தனை பெரிய கம்ப்யூட்டருக்கும் அடையாளம் தெரியாத அந்த இரண்டு காதும் ஒரு வாலும், பயந்தவன் கண்ணுக்குத் தப்புமா? ஆளை அனுப்பிப் பார்த்தால், உள்ளங்கை அளவு ஒரு குட்டி. தாய் எங்கேயோ போயிருக்கிறது. இது தூங்கிக்கொண்டிருக்கிறது. தலைக்குமேல் முப்பது டன்.

மதி மேடம் பாஸ் போட்டுவிட்டு, "சார், இப்ப கால கீழ வைக்கலாம்" என்றாராம். கண்ணைப் பார்க்கும் அந்தக் குட்டி கேமரா, அப்பா முழு விழிப்பில் இருக்கிறார் என்று அன்றுதான் முதன்முதலாகப் பதிவு செய்ததாம்.

எல்லாரும் கை கொடுக்கும்போது அப்பா மட்டும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "தௌசீஃபு, மேல கேபின்ல இருந்திருந்தா இது எனுக்குத் தெரிஞ்சிருக்காதுடா. பெட்டியே மறைச்சிருக்கும். இத்தினி வருசத்துல எத்தினி தபா எறக்கிக்கிறேனோ."

அண்ணன் இதைச் சொன்னபோது நான் எந்த நக்கலும் அடிக்கவில்லை மாமா. முப்பது டன்னைத் தூக்கிய கை, ஒரு இளநீர் கனம்கூட இல்லாத உயிருக்காக அந்தரத்தில் நின்றிருக்கிறது. அதைவிட எனக்கு ஆச்சரியம், அது கேட்ட கேள்வி. எனக்குத் தெரியவில்லை என்று சொன்னதே. நம் தெருவில் யாராவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? விம்கோ நகருக்கு வழி கேட்டால், தெரியாதவன்கூட அதையும் தாண்டி மீஞ்சூர் வரைக்கும் அனுப்பிவைப்பானே தவிர, தெரியாது என்று சொல்லமாட்டான். இவ்வளவு தெரிந்த ஒன்று, தெரியாத இடத்தில் நின்று, ஒரு மனுஷனைக் கூப்பிட்டுக் கேட்கிறது. வீட்டில் யாரும் ஒரு யோசனைகூடக் கேட்காத என் அப்பாவைக் கேட்கிறது. இப்போது மாடியில் நின்று பார்க்கும்போது கிரேன் எங்காவது சட்டென்று நின்றால், இதோ அப்பாவைக் கூப்பிடுது என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி நடக்கும். அப்பா ஏதோ சொல்லியிருக்கிறார்.

அந்தக் குட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். தாய் திரும்பி வரவே இல்லை என்பதால் தௌசீஃப் அண்ணன் ஹெல்மெட்டில் போட்டுக்கொண்டு வந்து, ஒரு நல்ல குடும்பத்தில் ஒப்படைத்துவிட்டார்.

அப்பா இப்போது ஆளே மாறிவிட்டார். நேராகப் பார்க்கிறார். அம்மா மூக்குத்தி மாற்றியது மூன்று வருஷம் கழித்துத் தெரிந்திருக்கிறது. "நல்லா கீது" என்றார். அம்மா உள்ளே போய் அழுதார். ஃபேனில் தூசி என்கிறார், சுவரில் விரிசல் என்கிறார், சிலுவையம்மாள் அத்தையைப் பார்த்து, "அக்கா, நீ இவ்ளோ ஒயரமா" என்று கேட்டு, போன ஈஸ்டர் கேக்கை இந்த வருஷம் வாங்கிவிட்டார். தங்கள் டிவி சுவரில், திருஇருதய ஆண்டவர் படத்துக்கு நேர் கீழே, சகல மரியாதையோடு மாட்டப்பட்டிருக்கிறது. எனவே அருள்கூர்ந்து எங்களை அன்பிளாக் செய்து, எந்த நேரமும் வீடியோ காலில் வந்து தாங்களே கண்ணாரக் காண வேண்டும். இந்தத் தடவை அப்பா தங்கள் மூஞ்சியைப் பார்த்தே பேசுவார்.

தங்கள் கோபம் தணியவும், தோஹாவில் மழை பெய்யவும், இரண்டில் எது சுலபமோ அது முதலில் நடக்கவும் ராயபுரத்து மாதா பாதத்தில் மெழுகுவத்தி ஏற்றிக் காத்திருக்கும்,

தங்கள் பிரியமுள்ள அக்காள் மகள்,
ரூத்

பி.கு.: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் ஒரு சிறு திருத்தம். மேலே சொன்ன நல்ல குடும்பம் நாம்தான். குட்டி எங்கள் வீட்டு லாஃப்டில், பழைய குடத்துக்குள் இருக்கிறது. அப்பா மேலே பார்க்கவே மாட்டாரே என்ற தைரியத்தில் வைத்தேன். நிமிர்ந்த கழுத்து இவ்வளவு தூரம் நிமிரும் என்று கணக்குப் போடவில்லை. இன்று காலை ஃபேனைத் துடைக்க முக்காலி போட்டு ஏறி, "மேல இன்னாமோ சத்தம் கேக்குதே" என்று அண்ணாந்துவிட்டார். நல்ல வேளை, அம்மாவின் இரண்டாவது குரல் என் போனில் இன்னும் இருந்தது, அடுப்படிப் பக்கமிருந்து கூப்பிட்டு இறக்கிவிட்டேன். இனி ரிஸ்க் எடுக்க முடியாது. கழுத்து பழைய வித்தையை மறந்துவிடக் கூடாது, ரிவிஷன் வேண்டும் என்று சொல்லி, தங்கள் டிவியை நானே கழற்றி மறுபடி தரையில் படுக்கவைத்துவிட்டேன். அப்பா கட்டில்மேல் நாற்காலி போட்டுக் குந்தி, பூரிக்கட்டையோடு குனிந்துகொண்டிருக்கிறார். ஆகவே, மேலே கேட்டபடி அன்பிளாக் எல்லாம் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். நல்லா கோவமாவே இருங்க மாமா, ஒரு மாசத்துக்கு. குட்டிக்கு பென்னி என்று பேர் வைத்திருக்கிறேன். கோவம் வந்தா அதுவும் மேல ஏறிக்கினு யார்கூடவும் பேசாம குந்திக்குது.